பாடம்: கோழியின் தீன்பை நோய்கள் – கண்டறிதலும் வீட்டுப் பராமரிப்பும்

சொந்தக் காணிக்குத் திரும்பியதும் கிணற்றை இறைக்க வேண்டும், பற்றைகளை வெட்ட வேண்டும், வேலி அடைக்க வேண்டும். முதற்போகம் விளைந்து கைக்கு வரச் சில மாதங்கள் செல்லும். அதுவரை பிள்ளைகளுக்கு முட்டையும், அவசரச் செலவுக்குக் கொஞ்சம் காசும் தருவது வளவில் நிற்கும் நான்கைந்து கோழிகளே. ஐந்து பேடுகளில் ஒன்று இறந்தால் அந்த வருமானத்தில் ஐந்திலொரு பங்கு போய்விடுகிறது. எனவே ஒரு கோழியின் நோயும் சிறிய விடயமல்ல.

கோழிகளுக்கு வரும் நோய்களில் பலவற்றுக்கு வீட்டில் செய்யக்கூடியது குறைவு. ஆனால் தீன்பை நோய்களைப் பொறுத்தவரை, நேரத்துக்குக் கண்டுகொண்டால் நீங்களே செய்யக்கூடியது நிறைய உண்டு. பணமும் அதிகம் தேவைப்படாது. தேவைப்படுவது உங்கள் விரல்களும், விடியற்காலையில் ஐந்து நிமிடமும்தான்.

இப்பாடத்தில் நீங்கள் அறிந்துகொள்வது:

• தீன்பை என்றால் என்ன, அது எப்படி வேலை செய்கிறது
• நோயைக் கண்டறியும் விடியற்காலைச் சோதனை
• மூன்று வகைத் தீன்பை நோய்களும் அவற்றுக்கான பராமரிப்பும்
• எப்போது கால்நடை வைத்தியரிடம் போக வேண்டும்
• உங்கள் வளவில் இந்நோய் வராமல் தடுப்பது எப்படி

1. தீன்பை என்றால் என்ன?

கோழிக்குப் பற்கள் இல்லை. அது கொத்துவதை மெல்லாமல் விழுங்குகிறது. விழுங்கிய தீன் முதலில் கழுத்தின் அடியில், நெஞ்சின் முன்புறம் சற்று வலப்பக்கமாக உள்ள ஒரு மெல்லிய பையில் தங்குகிறது. இதுவே தீன்பை. இங்கே தீன் நீரில் ஊறி மென்மையாகி, சிறிது சிறிதாகக் கீழே இறங்குகிறது.

கீழே இருப்பது தடித்த தசையாலான அரைக்கும் பை. கறிக்குக் கோழி வெட்டும்போது இதற்குள் சிறு கற்களையும் மணலையும் கண்டிருப்பீர்கள். அந்தக் கற்களே கோழியின் பற்கள். அவற்றுடன் சேர்த்துப் பிசைந்துதான் தானியம் அரைபடுகிறது.

இதிலிருந்து இரண்டு விடயங்களை நினைவில் வையுங்கள். தீன் ஊறுவதற்குத் தண்ணீர் வேண்டும். அரைபடுவதற்குச் சிறு கற்கள் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும், கீழே இறங்க முடியாத பொருள் ஒன்றை விழுங்கினாலும், தீன்பையில் வேலை நின்றுவிடும்.

2. விடியற்காலைச் சோதனை

நல்ல சுகத்துடன் இருக்கும் கோழி நாள் முழுவதும் மேய்ந்து, மாலையில் தீன்பையை நிரப்பிக்கொண்டு கூட்டுக்குள் போகும். இரவில் அந்தத் தீன் சமித்துவிடும். விடியும்போது தீன்பை வெறுமையாக இருக்க வேண்டும். இதுவே சோதனையின் அடிப்படை.

மாலையில் தீன்பை பருத்திருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது நல்ல அடையாளம். விடியற்காலையிலும் அப்படியே பருத்திருந்தால்தான் அது நோய்.

செய்யும் முறை:

1) கோழி சோர்ந்து நின்றால், தீன் எடுக்காவிட்டால், அல்லது கழுத்தை அடிக்கடி நீட்டி வளைத்தால், அன்று மாலை அதைப் பிடித்துத் தீன்பையைத் தொட்டுப் பாருங்கள். எவ்வளவு பெரிதாக, எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பதை மனதில் வையுங்கள்.
2) இரவு அதைத் தனிக் கூட்டிலோ கவிழ்த்த கூடையின் கீழோ விடுங்கள். தீன் வைக்க வேண்டாம்.
3) விடிந்ததும், தீன் போடுவதற்கு முன், மீண்டும் தொட்டுப் பாருங்கள். ஒரு கையால் கோழியை உங்கள் உடலோடு அணைத்து, செட்டைகள் அடிக்காதபடி பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் விரல்களால் கழுத்தின் அடியை மெதுவாகத் தடவுங்கள்.
4) சந்தேகமாக இருந்தால், சுகமான இன்னொரு கோழியையும் அதே நேரத்தில் தொட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உங்கள் விரல்கள் சொல்வது:

• தட்டையாக, பை இருப்பதே தெரியாமல் இருந்தால் – தீன்பை சுகம். நோய் வேறிடத்தில் இருக்கிறது.
• பந்து போலவோ, பிசைந்து காய்ந்த மா உருண்டை போலவோ இறுகியிருந்தால் – தீன்பை அடைப்பு.
• தண்ணீர் நிரப்பிய பலூன் போலத் தளதளத்து, வாயிலிருந்து புளித்த வாடை வந்தால் – தீன்பைப் புளிப்பு.
• பை நெஞ்சுக்குக் கீழே தொங்கி, கோழி நடக்கும்போது ஆடினால் – தொங்கும் தீன்பை.

3. எல்லா வகைக்கும் பொதுவான முதல் உதவி

நோயுற்ற கோழியை மற்றக் கோழிகளிடமிருந்து பிரித்து, நிழலான, காற்றோட்டமான இடத்தில் விடுங்கள். இப்படிச் செய்தால் அது என்ன தின்கிறது, எப்படி எச்சமிடுகிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். கூட்டின் அடியில் வைக்கோல் போட வேண்டாம். பசித்த கோழி அதையும் தின்றுவிடும். பழைய துணியோ கடதாசியோ விரியுங்கள்.

சுத்தமான குடிநீர் எப்போதும் முன்னால் இருக்கட்டும். சாதாரண நாளில் ஒரு பேடு ஏறக்குறைய கால் லீற்றர் தண்ணீர் குடிக்கும். கடும் வெயிலில் அதைவிடக் கூடுதலாகக் குடிக்கும்.

கோழியைத் தொட்ட ஒவ்வொரு முறையும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். சிறு பிள்ளைகளை நோயுற்ற கோழியுடன் விளையாட விடாதீர்கள்.

4. தீன்பை அடைப்பு

காரணம்: நீளமான முற்றிய புல், வைக்கோல், நைலோன் நூல், பொலித்தீன் துண்டு போன்றவை தீன்பைக்குள் ஒன்றோடொன்று சுற்றிப் பந்தாகிவிடும். பட்டினி கிடந்த கோழி ஒரேயடியாக அதிகம் தின்றாலும், தண்ணீரின்றி உலர்ந்த கோதுமை மாவைத் தின்றாலும் அடைப்பு வரலாம்.

அறிகுறி: விடியற்காலையிலும் தீன்பை இறுகியிருக்கும். கோழி தீனைக் கொத்தும், ஆனால் விழுங்காது. கழுத்தை வளைத்து வளைத்துப் பார்க்கும். எச்சம் குறையும். நெஞ்செலும்பு கூராகத் தெரியும் அளவுக்கு மெலியும்.

செய்ய வேண்டியது:

1) ஒரு நாளைக்குத் தீன் கொடுக்க வேண்டாம். தண்ணீர் மட்டும் வையுங்கள். 24 மணித்தியாலங்களுக்கு மேல் பட்டினி போட வேண்டாம். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குஞ்சுகளைப் பட்டினி போடவே கூடாது. அவற்றை உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.

2) ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் சிறிய பாண் துண்டுகளை நனைத்துக் கொடுங்கள். கோழி தானாகக் கொத்தித் தின்பதே பாதுகாப்பான வழி. தானாகத் தின்னாவிட்டால், ஊசி இல்லாத சிறிய சிறிஞ்சினால் எண்ணெயைச் சொண்டின் ஓரத்தில் ஒவ்வொரு துளியாக விடுங்கள். ஒவ்வொரு துளியையும் அது விழுங்கும்வரை காத்திருங்கள்.

கவனம்: கோழியின் மூச்சுக் குழாயின் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது. சொண்டைத் திறந்து எண்ணெயையோ தண்ணீரையோ ஊற்றினால் அது நேராக நுரையீரலுக்குள் போகும். கோழி தீன்பை நோயால் அல்ல, மூச்சடைத்துச் சாகும்.

3) எண்ணெய் கொடுத்துச் சற்று நேரத்துக்குப் பிறகு, கோழியை நிமிர்ந்த நிலையில் வைத்துக்கொண்டு, தீன்பையை விரல் நுனிகளால் மெதுவாக உருட்டிப் பிசையுங்கள். உள்ளே இருக்கும் உருண்டையை உடைத்துத் தளர்த்துவதே நோக்கம். அதை மேல்நோக்கி வாய்க்குத் தள்ளுவது நோக்கமல்ல. ஐந்து நிமிடம் போதும். ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு முறை செய்யுங்கள். கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

4) அடுத்த நாள் விடிய மீண்டும் சோதியுங்கள். பை சிறுத்து மென்மையாகியிருந்தால் நல்லது. குழைய வடித்த குறுணல் சோறு, மசித்த அவித்த முட்டை, தண்ணீரில் நனைத்த கோழித்தீன் ஆகியவற்றில் ஒன்றை ஒரு மேசைக்கரண்டி அளவில், ஒரு நாளைக்கு நான்கு முறை கொடுங்கள். மூன்று நாட்களுக்கு இப்படிக் கொடுத்து, ஒவ்வொரு விடியலிலும் பை வெறுமையாக இருந்தால், மற்றக் கோழிகளுடன் விடலாம்.

5) இரண்டு நாட்கள் முயன்றும் பை அப்படியே இறுகியிருந்தால் வீட்டு வைத்தியத்தை நிறுத்துங்கள். உள்ளே நூலோ பொலித்தீனோ பந்தாகியிருக்கக் கூடும். அது எண்ணெயால் கரையாது. கால்நடை வைத்தியர் தீன்பையைத் திறந்து அதை எடுத்துத் தைக்க முடியும்.

வீட்டில் சவர அலகால் தீன்பையை வெட்ட முயல வேண்டாம். தோல், பை ஆகிய இரண்டையும் தனித்தனியே தைக்க வேண்டும். வேதனையை மரக்கச் செய்யும் மருந்தும் வேண்டும். இல்லாவிட்டால் கோழி வேதனைப்பட்டு, காயம் அழுகி இறக்கும்.

கோழியின் வாயிலிருந்து நூல் ஒன்று தொங்கினால் அதை இழுக்கவும் வேண்டாம். மறுமுனை உள்ளே சிக்கியிருந்தால், இழுக்கும்போது குடல் கிழியும். நூலை அப்படியே விட்டு வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

5. தீன்பைப் புளிப்பு

காரணம்: தீன்பையில் நீண்ட நேரம் தங்கிய தீன் புளித்து, அதில் ஈஸ்ட் வகைப் பூஞ்சணம் பெருகுவதே இந்நோய். பூஞ்சணம் பிடித்த தீன், பல நாள் கழுவாத தண்ணீர்ப் பாத்திரம், நீண்ட நாள் கொடுத்த நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஆகியவை இதற்கு வழிவிடும். தீன்பை அடைப்பைக் கவனிக்காமல் விட்டால் அதுவும் புளிப்பாக மாறலாம்.

அறிகுறி: பை மென்மையாகத் தளதளக்கும். சொண்டின் அருகே முகர்ந்தால் புளித்த மா வாடை வரும். தலை தாழும்போது வாயிலிருந்து தண்ணீர் போன்ற திரவம் வடியலாம். சில கோழிகளின் வாய்க்குள் வெள்ளைப் படலம் தெரியும்.

செய்ய வேண்டியது:

1) 12 தொடக்கம் 24 மணித்தியாலங்களுக்குத் தீனை நிறுத்துங்கள். சுத்தமான தண்ணீரைச் சிறிய பாத்திரத்தில் வைத்து, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை மாற்றுங்கள்.
2) சீனித் தண்ணீர், கருப்பட்டித் தண்ணீர், பால், பாண் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டாம். இனிப்பும் மாப்பொருளும் பூஞ்சணத்துக்கே உணவாகும்.
3) கோழியை எப்போதும் தலை நிமிர்ந்தபடி தூக்குங்கள். பையை அழுத்திப் பிசைய வேண்டாம்.
4) அடுத்த நாள் பை சிறுத்திருந்தால், மசித்த அவித்த முட்டையைத் தேக்கரண்டி அளவில் சில முறை கொடுத்துப் பாருங்கள். அது இறங்கினால், இரண்டு மூன்று நாட்களில் நனைத்த கோழித்தீனுக்கு மாறலாம்.
5) பை மீண்டும் தண்ணீராக நிரம்பினாலோ வாயில் வெள்ளைப் படலம் இருந்தாலோ கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். இதற்கு நிஸ்டாற்றின் போன்ற பூஞ்சண எதிர்ப்பு மருந்து தேவைப்படலாம். அளவை வைத்தியரே சொல்ல வேண்டும்.

இரண்டு தவறுகள் பல கோழிகளின் உயிரை எடுக்கின்றன:

முதலாவது, கோழியைத் தலைகீழாகப் பிடித்துப் புளித்த திரவத்தை வாந்தியெடுக்கச் செய்வது. பலர் இதை நல்ல வைத்தியம் என்று நம்புகிறார்கள். திரவம் மூச்சுக் குழாய்க்குள் போனால் கோழி உங்கள் கையிலேயே இறந்துவிடும். இதைச் செய்யவே வேண்டாம்.

இரண்டாவது, வீட்டில் மீதமிருக்கும் மனிதருக்கான நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையை உடைத்துக் கொடுப்பது. இம்மருந்து பூஞ்சணத்தைக் கொல்லாது. பூஞ்சணத்தைக் கட்டுப்படுத்தும் நல்ல நுண்ணுயிர்களைக் கொன்று நோயைக் கூட்டும். மருந்தின் மிச்சம் முட்டையிலும் இறைச்சியிலும் சேர்ந்து உங்கள் பிள்ளைகளின் வயிற்றுக்கும் போகலாம்.

6. தொங்கும் தீன்பை

பலமுறை அடைப்பு ஏற்பட்டாலோ, தீன்பையின் தசை நெடுநாள் இழுபட்டாலோ, பை தளர்ந்து தொங்கிவிடும். சில கோழிகளுக்கு இது பிறவிப் பலவீனமாகவும் இருக்கலாம். இழுபட்ட தசை பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆனாலும் இப்படிப்பட்ட பேடு சில காலம் முட்டையிட்டு வாழலாம்.

அதற்குத் தீனைச் சிறு அளவில் பலமுறை கொடுங்கள். வளர்ந்த கோழிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 100 கிராம் தீன் வேண்டும். அதை நான்காகப் பிரித்து, நனைத்து வையுங்கள். நீண்ட புல் உள்ள இடத்தில் மேயவிட வேண்டாம். அதன் முட்டைகளை அடைக்கு வைக்க வேண்டாம். குஞ்சுகளுக்கும் அந்தப் பலவீனம் வரலாம்.

7. இது தீன்பை நோய்தானா?

தீன்பையில் வேலை நிற்பது சில வேளைகளில் வேறொரு நோயின் அறிகுறி மட்டுமே. கீழே உள்ளவற்றில் எதையேனும் கண்டால் தீன்பையைப் பிசைந்துகொண்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஒரே நாளில் பல கோழிகள் சோர்ந்தால் அல்லது திடீரெனச் செத்தால்: இது ராணிக்கெட் நோயாகவோ பறவைக் காய்ச்சலாகவோ இருக்கலாம். பச்சை நிறக் கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்துத் திருகல், காலும் செட்டையும் இழுத்தல் ஆகியவை ராணிக்கெட் நோயின் அறிகுறிகள். தீன்பை அடைப்பு ஒரு கோழியிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றாது, இந்நோய்கள் தொற்றும். நோயுற்ற கோழியை வைத்தியரிடம் தூக்கிச் செல்ல வேண்டாம், அயலவருக்கோ சந்தைக்கோ விற்கவும் வேண்டாம். கோழிகளை வளவுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்கு உடனே அறிவியுங்கள்.

கோழி மெலிந்து, கால்கள் பலமிழந்து, கடும் பச்சை எச்சமிட்டு, தீன்பையும் இறங்காமல் இருந்தால்: ஈயம் விழுங்கியிருக்கிறதா என்று யோசியுங்கள். நெடுநாள் ஆளில்லாமல் கிடந்த வளவில் பழைய பற்றரித் துண்டுகள், உரிந்த வர்ணப்பூச்சு, சன்னங்களின் ஈயம் போன்றவை மண்ணில் கிடக்கலாம். கோழி அவற்றைச் சிறு கல் என்று எண்ணி விழுங்கும். அரைக்கும் பையில் ஈயம் தேய்ந்து கரைந்து இரத்தத்தில் கலந்து நரம்புகளைப் பாதிக்கும். அப்போது தீன்பையும் இயங்காது. எண்ணெயும் பிசைதலும் இதற்கு உதவா. கோழியின் உடலிலுள்ள ஈயம் முட்டைக்கும் போகும். எனவே இந்தச் சந்தேகம் இருந்தால் அக்கோழியின் முட்டையையும் இறைச்சியையும் யாரும் உண்ண வேண்டாம். முக்கியமாகச் சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கவே வேண்டாம்.

8. வராமல் தடுப்போம்

வளவைத் துப்புரவாக்குங்கள். தறப்பாள், உரப்பை ஆகியவற்றின் ஓரங்களிலிருந்து பிரியும் நைலோன் நூல்தான் மீள்குடியேறிய வளவுகளில் கோழிகளுக்குப் பெரிய ஆபத்து. புழுவென்று எண்ணிக் கொத்திவிடும். கிழிந்த ஓரங்களை மடித்துக் கட்டுங்கள். உதிர்ந்த நூல், பொலித்தீன், றெஜிபோம் துண்டு, ஆணி, கம்பி, கண்ணாடி ஆகியவற்றைப் பொறுக்கி, மூடியுள்ள வாளியில் போடுங்கள்.

முக்கிய எச்சரிக்கை: இத்துப்புரவு வேலையைக் கண்ணிவெடி அகற்றப்பட்டு உங்களிடம் கையளிக்கப்பட்ட காணியில் மட்டும் செய்யுங்கள். இன்னதென்று தெரியாத உலோகப் பொருளைத் தொடவோ, தட்டவோ, எரிக்கவோ வேண்டாம். வந்த வழியே திரும்பி, மற்றவர்களையும் எச்சரித்து, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். மண்டையோட்டுச் சின்னமுள்ள பலகைக்கு அப்பால் கோழி போய்விட்டால் அதைத் துரத்திக்கொண்டு போக வேண்டாம். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். மாலையில் தீன் போட்டுக் கூப்பிட்டுப் பழக்கினால் கோழி தானாகத் திரும்பி வரும்.

புல்லைக் குட்டையாக வைத்திருங்கள். வெட்டிய நீண்ட புல்லைக் கோழிக்குப் போட வேண்டாம். கீரையைப் போடுவதானால் விரற்கடை அளவுக்கு நறுக்கிப் போடுங்கள்.

சிறு கற்கள் கிடைக்கச் செய்யுங்கள். திறந்து மேயும் கோழி கற்களைத் தானே தேடிக்கொள்ளும். கூட்டில் அடைத்து வளர்த்தால், ஒரு சிரட்டையில் கருங்கல் துகளோ கழுவிய பருமணலோ வையுங்கள். சிப்பித் தூளும் சுண்ணாம்புக் கல்லும் முட்டை ஓட்டுக்கு நல்லவை. ஆனால் வயிற்றில் கரைந்துவிடுவதால் தீனை அரைக்க அவை உதவா. இரண்டையும் தனித்தனிச் சிரட்டைகளில் வைப்பது நல்லது.

தீனைப் பாதுகாருங்கள். உலருணவுப் பொதியில் வந்த மாவிலோ அரிசியிலோ பூஞ்சணம் பிடித்தால், "கோழிக்காவது போடுவோம்" என்று நினைக்க வேண்டாம். மனிதருக்குக் கூடாத பூஞ்சணம் கோழிக்கும் கூடாது. மழைக்காலத்தில் தீன் பையை நிலத்தில் வைக்காமல் பலகையின் மேல் வையுங்கள். நனைத்த தீனில் மீதியானதை அன்றன்றே அகற்றுங்கள். உலர்ந்த மாவைத் தண்ணீர் விட்டு உதிரியாகப் பிசறியே கொடுங்கள்.

தண்ணீர்ப் பாத்திரத்தை நாளுக்கொரு முறை தேய்த்துக் கழுவி, நிழலில் வையுங்கள்.

புதிதாக வந்த கோழிகளைப் பொறுமையாகப் பழக்குங்கள். வாழ்வாதார உதவியாகக் கிடைக்கும் கோழிகள் பல மணித்தியாலம் பெட்டிக்குள் பயணம் செய்து, பசியோடும் தாகத்தோடும் வந்து சேரும். முதலில் தண்ணீர் கொடுங்கள். அரை மணித்தியாலம் கழித்துச் சிறிதளவு தீன் கொடுங்கள். மீதியை மாலைக்குள் இரண்டு மூன்று முறையாகப் பிரித்துக் கொடுங்கள். ராணிக்கெட் தடுப்பூசி போடப்பட்டதா, அடுத்த முறை எப்போது என்பதையும் அன்றே கேட்டுக் குறித்து வையுங்கள்.

9. வைத்தியரிடம் போகும்போது

ஒரு கோழி மட்டும் நோயுற்றிருந்தால், காற்று வரத் துளையிட்ட கடதாசிப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். இந்த விபரங்களைச் சொல்லுங்கள்: எத்தனை நாளாக நோய், விடியற்காலையில் பை எப்படி இருந்தது, எச்சத்தின் நிறம் என்ன, என்ன தீன் போட்டீர்கள், வீட்டில் என்ன கொடுத்தீர்கள். மருந்து தந்தால் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: "இந்த மருந்து கொடுக்கும்போதும் அதன்பிறகும் எத்தனை நாளைக்கு முட்டையும் இறைச்சியும் உண்ணக்கூடாது?"

எல்லா முயற்சிக்குப் பிறகும் கோழி தேறாமல் போகலாம். தீனும் தண்ணீரும் எடுக்காமல் துன்பப்படும் கோழியை நாட்கணக்கில் வைத்திருப்பது இரக்கமல்ல. வைத்தியரின் ஆலோசனையுடன் அதன் துன்பத்தை முடித்துவிடலாம். நோயால் இறந்த கோழியைக் கறியாக்க வேண்டாம், குளத்திலோ வாய்க்காலிலோ எறியவும் வேண்டாம். கிணற்றுக்குத் தூரமாக, வெடிபொருள் அபாயம் இல்லை என்று உறுதியான இடத்தில், நாய் கிளறாதபடி இரண்டு அடிக்கு மேல் ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். கூட்டையும் பாத்திரங்களையும் கழுவி வெயிலில் காயவிடுங்கள்.

10. குழுவாகக் கலந்துரையாடுங்கள்

கீழுள்ள நிலைமைகளை அயலவருடன் பேசிப் பாருங்கள். விடைகளைப் பிறகு வாசியுங்கள்.

கேள்வி 1: மாலை ஆறு மணிக்கு ஒரு பேட்டின் கழுத்தடி எலுமிச்சம்பழம்போல் பருத்திருக்கிறது. அது உற்சாகமாகக் கூட்டுக்குள் போகிறது. எண்ணெய் கொடுக்கலாமா?

கேள்வி 2: விடியற்காலையில் ஒரு பேட்டின் தீன்பை தண்ணீர்ப் பை போலத் தளதளக்கிறது, புளித்த வாடை வீசுகிறது. "தலைகீழாகப் பிடித்தால் எல்லாம் கொட்டிவிடும்" என்கிறார் அயல்வீட்டுப் பெரியவர். அவருக்கு என்ன சொல்வீர்கள்?

கேள்வி 3: நேற்று ஒரு கோழி செத்தது. இன்று மூன்று கோழிகள் பச்சையாகக் கழிந்து சோர்ந்து நிற்கின்றன. ஒன்றின் தீன்பை நிறைந்திருக்கிறது. முதலில் என்ன செய்வீர்கள்?

விடை 1: வேண்டாம். மாலையில் பை நிறைந்திருப்பது இயல்பு. விடியற்காலையில் சோதியுங்கள்.

விடை 2: "ஐயா, திரவம் மூச்சுக் குழாய்க்குள் போனால் கோழி செத்துவிடும். தலையை நிமிர்த்தி வைத்து, தீனை ஒரு நாள் நிறுத்திப் பார்ப்போம். தேறாவிட்டால் வைத்தியரிடம் காட்டுவோம்" என்று பணிவாகச் சொல்லுங்கள்.

விடை 3: இது தொற்றுநோயாக இருக்கலாம். கோழிகளை வளவுக்குள்ளேயே வைத்து, கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்கு அறிவியுங்கள். விற்கவோ கறியாக்கவோ வேண்டாம்.

நினைவில் வைக்க

• மாலையில் நிறைவு, விடியலில் வெறுமை – இதுவே சுகமான தீன்பை.
• இறுகியிருந்தால் எண்ணெயும் மெதுவான பிசைதலும். தளதளத்தால் பட்டினியும் சுத்தமான தண்ணீரும்.
• ஊற்றாதீர்கள், தலைகீழாகப் பிடிக்காதீர்கள், வெட்டாதீர்கள், நூலை இழுக்காதீர்கள்.
• இரண்டு நாளில் தேறாவிட்டால் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.
• பல கோழிகள் ஒன்றாக நோயுற்றால் உடனே அறிவியுங்கள்.

நாளை விடியற்காலையில் கூட்டைத் திறக்கும் முன், உங்கள் கோழிகளில் சுகமான ஒன்றைப் பிடித்து அதன் தீன்பையைத் தொட்டுப் பாருங்கள். வெறுமையான பை எப்படி இருக்கும் என்பதை உங்கள் விரல்கள் அறிந்துகொள்ளட்டும். வீட்டிலுள்ள பெரிய பிள்ளைகளுக்கும் அதைக் காட்டிக்கொடுங்கள்.